ஏன் புறப்படுகிறோம்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் அக்காள் மகன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, அம்மாவுக்கு நீங்கதான் எடுத்துச் சொல்லணும். நாங்க சொன்னா கேக்க மாட்டேங்காங்க" என்றான். விஷயம் இதுதான். பங்குனி உத்திரத்துக்கு ஊரில் சாஸ்தா கோயிலுக்குப் போக வேண்டும் என்கிறாள் அக்கா. அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. விமானத்தில் போனால் மூன்றரை மணி நேரத்தில் திருவனந்தபுரம், அங்கிருந்து காரில் இரண்டு மணி நேரத்தில் ஊர். மகன் டிக்கெட் எடுத்துக் கொடுக்கத் தயார். ஆனால் அக்கா ரயிலில்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அதுவும் தனியாக. வயது எழுபத்து நான்கு.

இந்தத் தூதுக்கு என்னைவிடப் பொருத்தமில்லாத ஆள் கிடையாது. எனக்குப் பயணம் என்றாலே பிடிக்காது. உத்தியோகத்தில் இருந்த முப்பத்தாறு வருஷமும் ஆபீஸ் டூர் என்று அலைந்து, ஊர் ஊராகக் கொசுவலை இல்லாத அறைகளில் படுத்தவன் நான். ஓய்வு பெற்ற அன்றைக்கே பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். மனிதர்கள் ஏன் இப்படி ஆசை ஆசையாகப் புறப்படுகிறார்கள் என்பது எனக்கு நெடுநாளாக விளங்காத புதிர். அக்காவிடம் போவதற்கு முன் இதைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டுப் போகலாம் என்று நூலகத்தில் உட்கார்ந்தேன். படித்ததையும், பிறகு அக்கா சொன்னதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

பயணம் போவதற்கான காரணங்களைப் பற்றி ஆராய்ச்சிகள் நிறைய நடந்திருக்கின்றன. கிரகாம் டான் என்ற சமூகவியலாளர் கரீபியன் தீவான பார்படோஸுக்கு வந்த பயணிகளை ஆராய்ந்து 1977-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஓர் இடம் நம்மை இழுக்கிறது என்பது பாதிதான். நாம் இருக்கும் இடம் நம்மைப் பிடித்துத் தள்ளுகிறது என்பதுதான் மற்றப் பாதி என்கிறார் அவர். தாஜ்மஹால் இழுக்கிறது என்று நாம் சொல்லிக்கொள்வோம். உண்மையில் தள்ளுவது வீட்டுக் கூடத்தில் ஓயாமல் ஓடும் தொலைக்காட்சியாக இருக்கலாம். ஜான் கிராம்ப்டன் என்பவர் 1979-ல் இதை இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார். முப்பத்தொன்பது பேரை உட்காரவைத்து விரிவாகப் பேசி, ஒன்பது காரணங்களைக் கண்டுபிடித்தார். அன்றாடச் சூழலிலிருந்து விடுபடுவது, தன்னைத் தானே எடைபோட்டுப் பார்ப்பது, ஓய்வு, பெருமை, சிறுபிள்ளைத்தனமாக இருக்கக் கிடைக்கும் சுதந்திரம், குடும்பத்தாரோடு நெருங்குவது, புது மனிதர்களோடு பழகுவது ஆகிய ஏழும் மனத்தைச் சேர்ந்தவை. புதுமையும் கல்வியும் மட்டுமே போகும் இடத்தைச் சேர்ந்தவை. அதாவது ஒன்பதில் ஏழு காரணங்களுக்கு எந்த ஊராக இருந்தாலும் ஒன்றுதான்!

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் அலுவலகத்து நண்பர் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். மத்திய அரசு ஊழியர்களுக்கு விடுமுறைப் பயணச் சலுகை 1956-ல் வந்தது. நம் தில்லித் தமிழர்களில் பாதிப் பேர் இந்தியாவைப் பார்த்தது எல்.டி.சி. புண்ணியத்தில்தான் என்று சொன்னால் மிகையாகாது. நான்கு வருட பிளாக்கில் ஒரு தடவை எங்கு வேண்டுமானாலும் போகலாம். இந்த நண்பர் ஒரு பிளாக்கையும் தவறவிட்டதில்லை. திரும்பி வந்ததும் ஆல்பத்தோடு மேஜை மேஜையாக வருவார். ஒவ்வொரு படத்திலும் குடும்பம் முழுக்க வரிசையாக விறைத்து நிற்கும். பின்னால் நினைவுச் சின்னத்தின் ஒரு மூலை தெரியும். நாங்கள் அவரைக் கேலி செய்ததுண்டு. இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. ஆபீஸில் மேலதிகாரியின் முன் வருஷம் முழுவதும் குனிந்து நின்ற மனிதர் அவர். அந்த ஆல்பத்தில் மட்டும்தான் நிமிர்ந்து நின்றார். கிராம்ப்டன் பட்டியலில் உள்ள 'பெருமை' என்ற சொல்லுக்குள் இவ்வளவும் அடக்கம்.

சிலருக்குக் காரணம் கையில் தெளிவாக இருக்கும். யுவான் சுவாங் ஏழாம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து பாலைவனத்தையும் பனிமலையையும் தாண்டி இங்கே வந்தது மூல நூல்களைத் தேடி. நம் உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்தது ஏடுகளைத் தேடி. அந்த அலைச்சலில் விளைந்ததுதான் 1887-ல் அச்சேறிய சீவக சிந்தாமணி. அவரைப் பார்த்து "உமக்குப் பயணம் பிடிக்குமா?" என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வேறு சிலருக்குப் போகிற வழியில்தான் காரணம் பிறக்கிறது. ஏ.கே. செட்டியார் 1937-ல் அமெரிக்காவிலிருந்து அயர்லாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோதுதான் காந்தியைப் பற்றி ஒரு திரைப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது. பிறகு ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் சுற்றி, உலகெங்கும் சிதறிக் கிடந்த படச்சுருள்களைச் சேகரித்து, 1940-ல் அந்தப் படத்தை வெளியிட்டார். கப்பலில் செய்வதற்கு வேறு வேலை இல்லாமல் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திராவிட்டால் அந்த எண்ணம் வந்திருக்குமா என்று எனக்குத் தோன்றுகிறது.

காரணமே வேண்டாம் என்று வாதாடியவரும் ஒருவர் உண்டு. 'வால்காவிலிருந்து கங்கை வரை' எழுதிய ராகுல் சாங்கிருத்யாயனைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சிறு பையனாக இருக்கும்போதே வீட்டைவிட்டு ஓடியவர். திபெத்துக்குப் பலமுறை போய் அரிய சுவடிகளைக் கோவேறு கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டு வந்தவர். ஊர் சுற்றுவதற்கென்றே அவர் ஒரு சாஸ்திரம் எழுதினார். தமிழில் அது 'ஊர்சுற்றிப் புராணம்' என்ற பெயரில் வந்திருக்கிறது. அந்தப் புத்தகத்தில் பெண்களுக்கென்று தனியாக ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஊர் சுற்றும் உரிமை ஆணுக்கு எவ்வளவு உண்டோ பெண்ணுக்கும் அவ்வளவு உண்டு என்று ஒளிவுமறைவு இல்லாமல் வாதாடுகிறார். நாற்பதுகளின் இறுதியில் எழுதியது. அதைப் படித்துவிட்டுத்தான் அக்காவைத் தடுக்கக் கிளம்பினேன் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

பெண்களின் பயணம் என்றதும் எங்கள் அம்மாவின் ஞாபகம் வராமல் இருக்காது. அம்மா வாழ்நாளில் ஒரே ஒரு நெடும்பயணம் போனாள். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, ஊரிலிருந்து புறப்பட்ட ஒரு கூட்டத்தோடு காசிக்கு. திரும்பி வந்ததும் எல்லாரும் கங்கையைப் பற்றியும் விசுவநாதரைப் பற்றியும் கேட்டார்கள். அம்மாவும் சொன்னாள். ராத்திரி அடுக்களையில் அக்காவிடம் மட்டும் வேறொன்று சொன்னாளாம்: "மூணு ராத்திரி ரயில்ல என்னை யாரும் எழுப்பலை." காசி சொம்பும் கறுப்புக் கயிறும் எங்களுக்குக் கிடைத்தன. அம்மாவுக்குக் கிடைத்தது அந்த மூன்று இரவுத் தூக்கம். நம் வீடுகளில் ஒரு காலத்தில் பெண்களுக்கு அடுக்களையிலிருந்து லீவு கொடுக்கக்கூடிய அதிகாரம் சாமிக்கு மட்டும்தான் இருந்தது. சினிமாவுக்குப் போகிறேன் என்றால் முகம் சுளிப்பார்கள். திருச்செந்தூருக்குப் போகிறேன் என்றால் யார் மறுக்க முடியும்? பக்தி பொய் என்று நான் சொல்லவில்லை. பக்தியும் மெய், தூக்கமும் மெய்.

மகாராஷ்டிரத்தில் ஆண்டுதோறும் ஆஷாட மாதத்தில் ஆளந்தியிலிருந்து பண்டரிபுரத்துக்கு ஏறக்குறைய மூன்று வாரம் நடந்தே போகிறார்கள். இராவதி கார்வே என்ற மானுடவியல் அறிஞர் அப்படி ஒரு கூட்டத்தோடு தாமே நடந்துவிட்டு எழுதிய கட்டுரை 1962-ல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. சேர்ந்து பாடி, சேர்ந்து நடக்கிறவர்கள் சாப்பாட்டு நேரத்தில் சாதிவாரியாகப் பிரிந்து உட்கார்ந்ததை அவர் மறைக்காமல் எழுதினார். பயணத்தைப் பற்றிப் புகழ்ந்தே எழுதுகிறவர்கள் அந்தப் பகுதியை ஒரு தடவை படிக்க வேண்டும். புறப்பட்டவுடனே மனிதன் மாறிவிடுவதில்லை. பாதியை மூட்டையில் கட்டி எடுத்துக்கொண்டுதான் போகிறான்.

இன்னொரு ஆராய்ச்சி என்னை மிகவும் கவர்ந்தது. நெதர்லாந்தில் சுமார் ஆயிரத்து ஐந்நூறு பேரிடம் விசாரித்து 2010-ல் வெளியிட்டார்கள். விடுமுறைப் பயணம் போகிறவர்கள் போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தது போவதற்கு முன்புதான். திரும்பி வந்த பிறகு இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மிக மிக நிம்மதியாகப் பயணம் அமைந்தவர்களுக்கு மட்டும் சில வாரம் அந்த மகிழ்ச்சி நீடித்தது. ஆக, மகிழ்ச்சி பெரும்பாலும் காத்திருப்பதில் இருக்கிறது. நம் ரயில்வே 2024 நவம்பரில் முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தது. நெதர்லாந்துக்காரர்கள் கணக்குப்படி நம் மகிழ்ச்சியில் பாதி அன்றைக்கே போய்விட்டது!

இவ்வளவு சரக்கோடு நான் மயூர் விஹாரில் அக்கா வீட்டுக்குப் போனேன். மகனும் மருமகளும் ஏதோ வேலை இருப்பதுபோல வெளியே போய்விட்டார்கள். அக்கா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்ன தம்பி, உன்னைத் தூது அனுப்பியிருக்காங்களாக்கும்" என்றாள்.

பிள்ளைகளின் பயத்தை நான் எடுத்துச் சொன்னேன். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 2019-ல் அத்தானும் அவளும் ஊருக்குப் போனபோது இட்டார்சியில் தண்ணீர் பிடிக்க இறங்கினாள். வண்டி நகர்ந்துவிட்டது. ஓடிவந்து கம்பியைப் பிடித்தவளை வாசலில் நின்ற ஒரு பட்டாளத்துப் பையன் உள்ளே இழுத்துப் போட்டான். முழங்காலில் இன்றும் தழும்பு இருக்கிறது. அதற்கு மூன்று வருஷம் கழித்து அத்தான் காலமானார். இனி வண்டியில் கூட யாரும் கிடையாது.

"எல்லாம் சரிதான் அக்கா, பிளேன்ல போனா என்ன? அதுவும் பயணந்தானே?" என்றேன்.

"ரெண்டு தடவை போயிருக்கேன். ஏறி உக்காந்து கண்ணை மூடித் திறந்தா ஊரு வந்துருது. எனக்கு அவ்வளவு சீக்கிரம் ஊரு வேண்டாம்" என்றாள்.

பிறகு மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். 1972-ல் கல்யாணமாகி ஜி.டி. எக்ஸ்பிரஸில் தில்லிக்கு வந்தவள் அவள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வருவதற்கு நான்கு வருஷம் முந்தி. அப்போதெல்லாம் ஊருக்குப் போவது ஒரு யுத்தம். சென்ட்ரலில் இறங்கி, ட்ரங்குப் பெட்டியும் ஹோல்டாலுமாக எழும்பூருக்கு ஓடி, மீட்டர் கேஜ் வண்டியில் திருநெல்வேலி வரை போய், அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு ரயில் பாதை வந்தது 1981-ல்தான். இப்போது நிஜாமுதீனில் திருக்குறள் எக்ஸ்பிரஸில் ஏறினால் கிட்டத்தட்ட இரண்டு நாளில் நாகர்கோவிலிலேயே இறங்கிவிடலாம். எழும்பூரில்கூட இறங்கி ஏற வேண்டியதில்லை.

"எத்தனை ஆறு வரும் தெரியுமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. விரல்விட்டு எண்ணினாள். ஆக்ரா தாண்டிச் சம்பல். போபால் தாண்டி நர்மதை. பிறகு கோதாவரி, விஜயவாடாவில் கிருஷ்ணை, நெல்லூரில் பெண்ணை. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் பாலாறு, விழுப்புரம் தாண்டித் தென்பெண்ணை. திருச்சிக்கு முன்னால் கொள்ளிடமும் காவிரியும். மதுரையில் வைகை. கடைசியில் திருநெல்வேலி தாண்டியதும் தாமிரபரணி. மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றிலும் ஒரு காசு போடுவாளாம். இந்த வண்டியில் கோதாவரி இருட்டில்தான் வருகிறது. அதற்காகப் படுக்காமல் உட்கார்ந்திருப்பாளாம். முப்பது தடவைக்குமேல் அதே வழியில் போயிருக்கிறேன் நான். நல்ல சாப்பாடு எந்த ஸ்டேஷனில் கிடைக்கும் என்பதற்குமேல் ஒன்றும் கவனித்ததில்லை.

கிராம்ப்டனின் ஒன்பது காரணங்களில் இது எதில் சேரும் என்று நான் மனசுக்குள் தேடிக்கொண்டிருந்தபோது, அவள் சொன்னதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது.

"இங்க இருந்தா நான் மகன் வீட்டுல இருக்கேன். ஊருக்குப் போனா சித்தப்பா மகன் வீட்டுல இருக்கேன். ரெண்டு எடத்துலயும் நல்லாத்தான் வச்சிருக்காங்க, குத்தம் சொல்லலை. ஆனா அந்த ரெண்டு நாளு மட்டுந்தான் எனக்குன்னு ஒரு எடம். நம்பர் போட்டு, பேரு போட்டுக் குடுக்கான். முன்னெல்லாம் பெட்டியில சார்ட்டு ஒட்டுவான் பாத்தியா? அதுல என் பேரும் வயசும் மட்டும் இருக்கும். யாரு பெண்டாட்டி, யாரு அம்மான்னு இருக்காது. உங்க அத்தான் பெட்டி எடுத்து வைக்கதுக்குள்ள நான் அதைப் போயி ஒரு தடவை பாத்துருவேன்."

இப்போது பெட்டியில் சார்ட் ஒட்டுவதில்லை. எல்லாம் கைபேசியில் வந்துவிடுகிறது. அதுவும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. "அதுல வந்தாலும் என் பேருதானே" என்றாள்.

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. தில்லியில் ஐம்பது வருஷத்துக்குமேல் இருக்கிறாள். ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸ் அத்தான் பெயரில் இருந்தது. மயூர் விஹார் ஃபிளாட் மகன் பெயரில் இருக்கிறது. ஊரில் எங்கள் வீட்டை விற்றபோது கையெழுத்துப் போட்டு உரிமையை விட்டுக்கொடுத்தவளும் அவள்தான். அந்தப் பத்திரத்தை அவளுக்கு வாசித்துக் காட்டியவன் நான். அப்போது அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. தில்லியிலிருந்து நாகர்கோவில் வரை ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு ஒரு ஆறடிப் பலகை அவளுடையது.

பயணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் புது இடம், புது மனிதர், புது அனுபவம் என்று அடுக்குவார்கள். அக்கா ஐம்பது வருஷமாகப் போவது ஒரே பாதை, பார்ப்பது ஒரே பதினொரு ஆறு. அவளுக்குப் புதிது ஒன்றும் தேவையாக இல்லை. இதே மாதிரி ஆட்களை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். எங்கள் பிளாக்கில் இருந்த ஒரு பஞ்சாபிப் பெரியவர் வருஷம் தவறாமல் ஹரித்வாருக்குப் போய் அதே தர்மசாலையில் அதே அறையைக் கேட்டு வாங்கித் தங்குவார். வேறு ஊரே கிடையாதா என்று கேட்டால் சிரிப்பார். அவருக்கும் ஏதாவது ஒரு சார்ட் இருந்திருக்க வேண்டும். நான் கேட்டுக்கொள்ளவில்லை, இப்போது அவர் இல்லை.

மாலையில் மகன் திரும்பி வந்து, "என்ன மாமா, சரின்னுட்டாங்களா?" என்று கேட்டான். "ரயில்தான்" என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்து, "நானும் கூடப் போகிறேன்" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னதல்ல. சொல்லி முடித்த பிறகுதான் முதுகுவலியின் ஞாபகம் வந்தது.

அக்காவுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. தனியாகப் போவதில்தான் விஷயமே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா என்ன? கொஞ்ச நேரம் பேரம் நடந்தது. ஏ.சி. பெட்டி என்பது மகனின் நிபந்தனை. ஸ்லீப்பரில் இப்போது இருக்கும் கூட்டத்தில் அவள் கழிப்பறை வரை போய்வருவதே கஷ்டம். ஒப்புக்கொண்டாள். கண்ணாடி ஜன்னல் திறக்காது, காசு போட முடியாது என்றேன். பதினொரு காசையும் முடிந்து வைத்துக்கொண்டு ஊரில் தாமிரபரணிப் படித்துறையில் மொத்தமாகப் போட்டுவிடுவதாகச் சொன்னாள். எந்த ஆற்றுக் காசை எந்த ஆற்றில் போட்டாலும் எல்லாம் கடலுக்குத்தானே போகிறது என்பது அவள் கட்சி. என் பெர்த் அவளுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பது அவளுடைய நிபந்தனை. அதே பெட்டியில் வேறு எங்காவது இருந்துகொள்ளலாம். சாப்பாட்டு வேளையில் மட்டும் வரலாம்.

அறுபது நாளைக்கு முன்னால் காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறந்தது. மகன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இரண்டு டிக்கெட்டுகளைத் தனித்தனியாக எடுத்தான். அவளுக்குக் கீழ் பெர்த் கிடைத்தது. எனக்கு மூன்று தடுப்புகள் தள்ளி மேல் பெர்த். அவளுடைய டிக்கெட்டைக் காகிதத்தில் அச்செடுத்துக் கொடுக்கச் சொன்னாள். எதற்கு என்று அவன் கேட்டான். நான் அவனை அடக்கினேன்.

பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். பூட்டின் சாவியைக் காணவில்லை. நேற்று இரவு அக்கா போன் செய்தாள். எலுமிச்சம்பழச் சாதமும் இட்லி மிளகாய்ப்பொடியும் அவள் கொண்டுவருகிறாளாம், நான் ஒன்றும் வாங்க வேண்டாமாம். வைக்கப் போகும்போது, "கோதாவரிக்கு வந்து உன்னை எழுப்புவேன். மூஞ்சியைத் தூக்காம எந்திரிச்சு வரணும்" என்றாள்.